வேப்பூர் டூ கடலூர்: ஒரே பஸ் ரூட்டில் ஒரு டிகிரி! 'சுற்றுச்சூழல் நிலவியல்' படிப்பு யாருக்கு, எதற்கு?

"மண்ணைத்தான் நான் முப்பது வருஷமா பிசையுறேன். அதுக்கு எதுக்குடி டிகிரி?"

ப்ளஸ் டூ ரிசல்ட் வந்த வாரம், சித்தப்பா இப்படிக் கேட்டதாகத் தங்கச்சி போனில் சொன்னாள். வீடு வேப்பூர். சித்தப்பாவுக்கு வேலை விருத்தாசலத்தில் ஒரு பீங்கான் பட்டறையில். பீங்கான் பொம்மை, ஃபியூஸ் கேரியர், விளக்கு என்று அச்சில் வார்த்து சூளைக்கு அனுப்புகிற வேலை. மகள் பி.எஸ்சி ஜியாலஜி சேர வேண்டும், அப்புறம் சுற்றுச்சூழல் பக்கம் போக வேண்டும் என்கிறாள். அவருக்கு ஒன்றும் புரியவில்லை.

"அக்கா, நீதான பேப்பர்ல எழுதுற, நீ சொன்னா அப்பா கேப்பாரு" என்று பொறுப்பை என் தலையில் கட்டிவிட்டாள்.

நான் படித்தது மீடியா ஸ்டடீஸ். நெய்வேலி நிலம், அரிட்டாபட்டி டங்ஸ்டன், ஹைட்ரோகார்பன் என்று டெஸ்க்கில் உட்கார்ந்து எத்தனையோ செய்திகளை டைப் செய்திருக்கிறேன். அந்தச் செய்திகளுக்குப் பின்னால் இருக்கும் படிப்பு எது என்று அதுவரை யோசித்ததே இல்லை. சித்தப்பாவுக்குப் பதில் சொல்வதற்காகத் தேடியதுதான் இந்தக் கட்டுரை. உங்கள் வீட்டிலும் இதே கேள்வி ஓடிக்கொண்டிருந்தால் தொடர்ந்து படியுங்கள்.

முதலில் பெயர்க் குழப்பம்: புவியியலா, நிலவியலா?

பள்ளிப் புத்தகத்தில் 'புவியியல்' என்றால் ஜியாகிரபி. மலை, ஆறு, மழை, மக்கள்தொகை எல்லாம் அதில் வரும். ஜியாலஜி என்பது பாறை, கனிமம், மண், நிலத்தடி நீர், நிலநடுக்கம், பூமியின் வரலாறு பற்றிய அறிவியல். அதைத் தமிழில் 'நிலவியல்' என்கிறோம்.

ஆனால் மணல், கல்குவாரி விஷயங்களைப் பார்க்கும் மாநில அரசுத் துறையின் பெயர் 'புவியியல் மற்றும் சுரங்கத் துறை'. அங்கே புவியியல் என்றால் ஜியாலஜிதான்! அதனால் விண்ணப்பம் போடும்போது தமிழ்ப் பெயரை மட்டும் நம்ப வேண்டாம். இங்கிலீஷில் ஜியாலஜியா ஜியாகிரபியா என்று ஒருமுறைக்கு இருமுறை பார்த்துவிடுங்கள்.

சரி, 'சுற்றுச்சூழல் நிலவியல்' என்றால்? பாறையையும் நீரையும் மண்ணையும் பற்றிய அறிவை, மனிதர்கள் வாழும் இடத்தின் பிரச்சினைகளோடு சேர்த்துப் படிப்பது. கிணறு ஏன் வற்றுகிறது, சுரங்கம் தோண்டினால் பக்கத்து ஊர்த் தண்ணீருக்கு என்ன ஆகும், குப்பைக் கிடங்கின் கசிவு எந்தத் திசையில் போகும் போன்ற கேள்விகள். அதோடு 'கொள்கை' சேரும்போது இன்னொரு கேள்வியும் வரும்: இதையெல்லாம் யார் முடிவு செய்கிறார்கள், எந்தச் சட்டப்படி?

பிரிட்டனில் யுசிஎல், பிரிஸ்டல் போன்ற பல்கலைக்கழகங்களில் சுற்றுச்சூழல் புவி அறிவியல் என்றே தனி இளங்கலைப் படிப்பு இருந்து வருகிறது. நம் ஊரில் பெரும்பாலும் முதலில் ஜியாலஜி, பிறகு முதுகலையிலோ ஆராய்ச்சியிலோ சுற்றுச்சூழல், கொள்கை என்று இரண்டு படியாகத்தான் ஏற வேண்டும்.

பஸ் ஏறினால் சிலபஸ்

தங்கச்சிக்கு நான் சொன்ன விளக்கம் இது. வேப்பூர் கூட்டுரோட்டில் கடலூர் போகும் பஸ்ஸில் ஏறு. விருத்தாசலம், மந்தாரக்குப்பம், நெய்வேலி, வடலூர், கடலூர். இந்த ஒரு ரூட்டிலேயே கிட்டத்தட்ட முழு சிலபஸும் இருக்கிறது.

முதல் நிறுத்தம், வேப்பூர். கடலூர் மாவட்டத்தின் இந்த மேற்குப் பகுதி கடினப் பாறைப் பகுதி. பாறையில் தண்ணீர் நிற்காது. பாறையின் வெடிப்புகளிலும், மேலே சிதைந்து மண்ணாகிப்போன அடுக்கிலும்தான் தண்ணீர் தங்கும். ஒருவர் வீட்டு போரில் தண்ணீர் கொட்டும், அடுத்த வீட்டில் அதே ஆழம் போட்டும் புகைதான் வரும். "எல்லாம் ராசி" என்போம். உண்மையில் அந்த போர் ஒரு வெடிப்பைத் தொட்டதா, இல்லையா என்பதுதான் வித்தியாசம். இதைப் படிக்கும் பிரிவுக்கு 'நீர் நிலவியல்' என்று பெயர்.

இங்கேயே கொள்கையும் வந்துவிடுகிறது. ஓர் ஆண்டில் நிலத்தடியிலிருந்து எடுக்கத்தக்க நீரில் எவ்வளவு சதவீதம் உறிஞ்சப்படுகிறது என்று கணக்கெடுக்கிறார்கள். 70 சதவீதம் வரை என்றால் 'பாதுகாப்பானது'. 70 முதல் 90 வரை 'பாதி அபாயம்', 90 முதல் 100 வரை 'அபாயம்', 100-ஐத் தாண்டினால் 'அதிகமாக உறிஞ்சப்பட்டது'. தமிழ்நாட்டில் இந்தக் கணக்கு ஃபிர்கா வாரியாக எடுக்கப்படுகிறது. கணக்கு இருக்கிறது, சட்டம்? நிலத்தடி நீருக்காக 2003-ல் தமிழ்நாடு ஒரு சட்டம் கொண்டுவந்தது. 2013-ல் அதுவே நீக்கப்பட்டது. அறிவியலும் கொள்கையும் ஏன் ஒன்றாகப் படிக்கப்பட வேண்டும் என்பதற்கு இதைவிட எளிய உதாரணம் இல்லை.

அடுத்து, விருத்தாசலம் போகும் வழி. சுமார் ஏழு கோடி ஆண்டுகளுக்கு முன்னால் இந்தப் பக்கம் கடல் இருந்தது! அரியலூர், விருத்தாசலம், புதுச்சேரி ஆகிய மூன்று இடங்களில் அந்தக் காலத்துக் கடல் படிவுகள் வெளியே தெரிகின்றன. 1860-களிலேயே ஹென்றி பிளான்ஃபோர்டு என்ற நிலவியலாளர் இவற்றை ஆய்வு செய்து எழுதினார். பரூர், பட்டி, மேமாத்தூர் என்று நம் பக்கத்து ஊர்களின் பெயர்களே பாறை அடுக்குகளின் பெயர்களாக ஆய்வு நூல்களில் இருக்கின்றன. மேமாத்தூர் என்றால் அணைக்கட்டுதான் ஞாபகம் வரும் நமக்கு. ஜியாலஜி படித்தவருக்கு ஒரு கடலே ஞாபகம் வரும்.

பீங்கானுக்கும் இந்தக் கதைக்கும் தொடர்பு உண்டு. நெய்வேலிப் பக்கம் பழுப்பு நிலக்கரிக்கு மேலே இருக்கும் அடுக்குகளில் வெள்ளைக் களிமண்ணும் கிடைக்கிறது. விருத்தாசலம் பீங்கான் தொழில் இந்தப் பகுதியில் கால் ஊன்ற அந்த மண் ஒரு காரணம். சித்தப்பா பிசைகிற மண்ணுக்கும் ஒரு ஜாதகம் இருக்கிறது. அது எந்தப் பாறை சிதைந்து வந்தது, ஏன் வெள்ளையாக இருக்கிறது, சூளையில் ஏன் விரிசல் விடுகிறது என்பதையெல்லாம் 'கனிமவியல்' பாடம் சொல்லும்.

மூன்றாவது நிறுத்தம், நெய்வேலி. நெய்வேலி நிலக்கரி நிறுவனம் தொடங்கப்பட்டது 1956-ல். சுரங்கப் பணியை நேரு 1957-ல் தொடங்கிவைத்தார். 1961-ல் நிலக்கரி கண்ணில் பட்டது. பலருக்கும் தெரியாத விஷயம், அங்கே பெரிய சவால் நிலக்கரியைத் தோண்டுவது மட்டும் இல்லை, தண்ணீரும்தான்.

நிலக்கரி அடுக்குக்குக் கீழே அழுத்தத்தோடு நிற்கும் நீர்த்தாங்கி ஒன்று இருக்கிறது. ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 6 முதல் 8 கிலோ அளவுக்கு மேல்நோக்கிய அழுத்தம். மேலே இருக்கும் மண்ணை அகற்றிவிட்டால், அந்தத் தண்ணீர் சுரங்கத்தின் தரையையே பிளந்துகொண்டு வந்துவிடும். அதனால் இரவும் பகலும் பம்ப் போட்டுத் தண்ணீரை வெளியேற்றி, அழுத்தத்தைக் குறைத்துக்கொண்டே இருக்க வேண்டும். சுரங்கம் ஓடும்வரை இது நிற்காது.

பம்ப் எவ்வளவு இறைக்கலாம் என்பது அறிவியல் கேள்வி. அதனால் சுற்றுவட்டார விவசாயியின் போர் இறங்கினால் யார் பொறுப்பு, வெளியேறும் தண்ணீர் யாருக்கு என்பவை கொள்கைக் கேள்விகள்.

2023 ஜூலையில் வளையமாதேவியில் நடந்தது நினைவிருக்கும். சுரங்க விரிவாக்கத்துக்காகப் பரவனாற்று மாற்று வாய்க்கால் வெட்ட, கதிர் வரும் நிலையில் இருந்த நெற்பயிருக்குள் பொக்லைன் இறங்கியது. நிலம் முன்பே கையகப்படுத்தப்பட்டது என்றது நிறுவனம். விதைத்ததை அறுக்கும்வரை பொறுத்திருக்கக் கூடாதா என்று கேட்டார்கள் விவசாயிகள். சென்னை உயர் நீதிமன்றமும் வேதனை தெரிவித்தது. பயிர் இழப்பீடு தனியாகக் கொடுக்க வேண்டியிருந்தது. நிலத்தின் உரிமை காகிதத்தில் எப்போது கைமாறியது, வயலில் எப்போது கைமாறியது என்பதற்கு நடுவில் இருக்கும் இடைவெளியைப் பற்றி எந்தப் பாறைப் புத்தகமும் பேசாது. அதற்கு நிலம் கையகப்படுத்தும் சட்டம் படிக்க வேண்டும்.

கடைசி நிறுத்தம், கடலூர். கடலோரத்தில் நல்ல தண்ணீரை அதிகமாக உறிஞ்சினால் கடல்நீர் உள்ளே நகரும். 2004 சுனாமி, 2011 டிசம்பரில் தானே புயல் என்று அடி வாங்கிய கரை இது. சிப்காட் ஆலைகளின் மாசு பற்றிய புகார்கள் ஒரு பக்கம். கடற்கரை ஒழுங்குமுறை மண்டல விதிகள் இன்னொரு பக்கம். சுனாமி அலை எங்கே வரை வந்தது என்பதை மண் அடுக்கில் படிக்கலாம். அந்த இடத்தில் வீடு கட்டலாமா என்பதை விதியில் படிக்கலாம்.

'கொள்கை' எங்கே முடிவாகிறது?

பெரிய சுரங்கமோ ஆலையோ வருவதற்கு முன் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடு செய்ய வேண்டும். 2006 செப்டம்பர் 14-ல் மத்திய அரசு வெளியிட்ட அறிவிக்கைதான் இதற்கு அடிப்படை. அதில் ஒரு முக்கியக் கட்டம் மக்கள் கருத்துக்கேட்பு.

அதன் விதிகளைச் சுருக்கமாகச் சொன்னால்:

• குறைந்தது 30 நாள் முன்பு அறிவிப்பு தர வேண்டும். ஒரு தேசிய நாளிதழிலும் ஒரு வட்டார மொழி நாளிதழிலும் விளம்பரம் வர வேண்டும்.

• மாவட்ட ஆட்சியர் அல்லது கூடுதல் ஆட்சியர் நிலைக்குக் குறையாத அதிகாரி தலைமை வகிக்க வேண்டும். மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் கூட்டத்தை நடத்தும்.

• நடவடிக்கை முழுவதும் வீடியோ எடுக்கப்பட வேண்டும்.

• இத்தனை பேர் வந்தால்தான் கூட்டம் செல்லும் என்ற கட்டாயம் எதுவும் இல்லை.

• அறிக்கையின் சுருக்கம் மட்டும் உள்ளூர் மொழியிலும் தரப்பட வேண்டும்.

கடைசிப் புள்ளியைத் திரும்பப் படியுங்கள். சுருக்கம்தான் தமிழில். நூற்றுக்கணக்கான பக்கங்கள் ஓடும் முழு அறிக்கை பெரும்பாலும் இங்கிலீஷில். நிலத்தடி நீர் மாதிரி எங்கே எடுத்தார்கள், எந்த மாதத்தில் எடுத்தார்கள், மழைக்கு முன்பா பின்பா என்பதெல்லாம் அந்த முழு அறிக்கையில்தான் இருக்கும். ஊர்க்காரர் மைக் முன்னால் நின்று "எங்க கிணறு போயிடும்" என்று அழலாம். "நீங்கள் மழைக்காலத்தில் மட்டும் நீர்மட்டம் அளந்திருக்கிறீர்கள், கோடைக் கணக்கு எங்கே?" என்று கேட்டால், அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லியே ஆக வேண்டும். இரண்டாவது கேள்வியைக் கேட்க ஊரில் ஒருவராவது இதைப் படித்திருக்க வேண்டும்.

அரிட்டாபட்டி விவகாரத்தைப் பாருங்கள். மதுரை நாயக்கர்பட்டி டங்ஸ்டன் தொகுதி 2024 நவம்பரில் ஏலத்தில் இந்துஸ்தான் ஜிங்க் நிறுவனத்துக்குப் போனது. மொத்தம் சுமார் 2,015 ஹெக்டேர். அதில் சுமார் 193 ஹெக்டேர், 2022-லேயே பல்லுயிர் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்ட இடம். மக்கள் கொதித்தார்கள். டிசம்பரில் சட்டப்பேரவை தீர்மானம் போட்டது. தொகுதியின் எல்லையை மறுபரிசீலனை செய்யும்படி இந்திய நிலவியல் ஆய்வு மையத்தை மத்திய அரசு கேட்டது. 2025 ஜனவரி 23-ல் ஏலமே ரத்தானது. பாறையில் டங்ஸ்டன் இருக்கிறது என்று சொல்வதும் நிலவியல்தான், இந்தக் கோட்டை எங்கே போடுவது என்று மறுபடி கேட்கப்படுவதும் நிலவியலாளர்கள்தான்.

நீதிமன்றத்திலும் இந்தப் படிப்புக்கு நாற்காலி உண்டு. 2010-ல் சட்டம் இயற்றி உருவாக்கப்பட்ட தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தில் நீதித்துறை உறுப்பினரோடு நிபுணர் உறுப்பினரும் சேர்ந்துதான் தீர்ப்பு சொல்கிறார். தென் மண்டல அமர்வு சென்னையில் இருக்கிறது.

எங்கே படிக்கலாம்?

இளங்கலை ஜியாலஜிக்குத் தமிழ்நாட்டில் கல்லூரிகள் குறைவுதான். சென்னை மாநிலக் கல்லூரி, சேலம் அரசு கலைக் கல்லூரி, திருச்சி நேஷனல் கல்லூரி, தூத்துக்குடி வ.உ.சிதம்பரம் கல்லூரி ஆகியவை இந்தப் பாடத்துக்குப் பெயர்பெற்றவை. வேப்பூர்காரர்களுக்குப் பக்கம் என்றால் சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் புவி அறிவியல் துறை.

முதுகலைக்கு சென்னைப் பல்கலைக்கழகம், அண்ணா பல்கலைக்கழகம், சேலம் பெரியார் பல்கலைக்கழகம், புதுவைப் பல்கலைக்கழகம் என்று வாய்ப்புகள் விரிகின்றன. ஐஐடிகளில் எம்.எஸ்சி சேர 'ஜாம்' நுழைவுத் தேர்வில் ஜியாலஜிக்குத் தனித் தாள் இருக்கிறது.

கொள்கைப் பக்கம் போக விரும்பினால், ஜியாலஜி முடித்த பிறகு டெல்லி ஜேஎன்யூவின் சுற்றுச்சூழல் அறிவியல் பள்ளி, டெல்லி டெரி உயர்கல்வி நிறுவனம், மும்பை டாடா சமூக அறிவியல் நிறுவனம் போன்ற இடங்களின் படிப்புகளைப் பார்க்கலாம்.

அரசு கலைக் கல்லூரிகளுக்கு ஆன்லைனில் ஒரே விண்ணப்பத்தில் பல கல்லூரிகளைத் தேர்வு செய்யலாம். அரசுப் பள்ளியில் 6-ம் வகுப்பு முதல் ப்ளஸ் டூ வரை படித்த மாணவி என்றால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கும். தங்கச்சிக்குக் கிடைக்கும். சித்தப்பா முகத்தில் முதல் சிரிப்பு இங்கேதான் வந்தது!

வேலை? இங்கேதான் கவனம்!

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பத்தியை மட்டும் படிப்பீர்கள் என்றால், இதைப் படியுங்கள்.

இந்திய நிலவியல் ஆய்வு மையம் 1851 முதல் இருக்கிறது. அதற்கும் மத்திய நிலத்தடி நீர் வாரியத்துக்கும் சேர்த்து யுபிஎஸ்சி 'ஒருங்கிணைந்த புவி விஞ்ஞானி' தேர்வு நடத்துகிறது. நிலவியலாளர் பணிக்கு எந்தெந்த முதுகலைப் பட்டம் செல்லும் என்று அறிவிக்கையில் பெயர் பெயராகப் பட்டியல் இருக்கும். ஜியாலஜி, அப்ளைடு ஜியாலஜி, ஜியோகெமிஸ்ட்ரி என்று போகும் அந்தப் பட்டியலில் வெறும் 'சுற்றுச்சூழல் அறிவியல்' கிடையாது. நீர் நிலவியல் விஞ்ஞானி பணிக்கும் ஜியாலஜி சார்ந்த பட்டம்தான் வேண்டும்.

அதாவது, "ரெண்டும் ஒண்ணுதாம்மா, பேருதான் வேற" என்று அட்மிஷன் கவுண்டரில் யாராவது சொன்னால் நம்பிவிடாதீர்கள். ஐந்து வருஷம் படித்து முடித்த பிறகு, விண்ணப்பப் பக்கத்தில் உங்கள் பட்டத்தின் பெயர் இல்லாவிட்டால் அழுது பயனில்லை. தங்கச்சிக்கும் ஓர் இடத்தில் இப்படித்தான் சொன்னார்கள். அதைக் கேட்டு அவள் கிட்டத்தட்ட பணம் கட்டியிருப்பாள்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் சுற்றுச்சூழல் விஞ்ஞானி போன்ற பணிகளுக்கு சுற்றுச்சூழல் அறிவியல், வேதியியல் போன்ற பட்டங்கள் பொருந்தும். ஆக, எது உசத்தி என்பதல்ல கேள்வி. எந்தக் கதவுக்கு எந்தச் சாவி என்பதுதான்.

மற்ற வாய்ப்புகள்:

• டிஎன்பிஎஸ்சி மூலம் உதவி நிலவியலாளர் பணி.

• சுற்றுச்சூழல் தாக்க அறிக்கை தயாரிக்கும் நிறுவனங்கள். இவை 'நபெட்' அங்கீகாரம் பெற்றிருக்க வேண்டும். அதற்கு நிலவியல், நீர் நிலவியல், நிலப் பயன்பாடு போன்ற பிரிவுகளில் நிபுணர்கள் தேவை.

• சுரங்கத் திட்டம் தயாரிக்கும் தகுதி பெற்ற நபராக ஆகலாம். ஜியாலஜி முதுகலையும் மேற்பார்வை நிலையில் ஐந்தாண்டு அனுபவமும் வேண்டும்.

• செயற்கைக்கோள் படம், ஜிஐஎஸ் வரைபட வேலைகள். கம்ப்யூட்டரில் ஆர்வம் இருப்பவர்களுக்கு ஏற்ற வழி.

உண்மையைச் சொல்லிவிட வேண்டும். பி.எஸ்சி ஜியாலஜி மட்டும் முடித்தால் வேலைவாய்ப்பு குறைவு. எம்.எஸ்சி வரை படிக்கும் மனநிலையோடு, வசதியையும் யோசித்துக்கொண்டுதான் இறங்க வேண்டும்.

'பொம்பளப் புள்ள காட்டுல மேட்டுல அலையணுமா?'

சித்தியின் கேள்வி இது. ஆமாம், அலையத்தான் வேண்டும். சுத்தியல், திசைகாட்டி, நோட்டுப் புத்தகத்தோடு வெயிலில் பாறைகளைத் தேடிப் போகும் களப்பயிற்சி இல்லாமல் ஜியாலஜி இல்லை. கல்லூரியில் சேரும்போதே களப்பயிற்சிக்குத் தங்குமிடம் எப்படி, உடன் வருவது யார் என்று கேளுங்கள். கேட்பதில் தப்பே இல்லை.

சுரங்க வேலை பற்றிய பழைய பயம் ஒன்றும் உண்டு. 1952-ம் ஆண்டு சுரங்கச் சட்டம் பெண்கள் நிலத்தடிச் சுரங்கத்தில் வேலை செய்வதையும், இரவு வேலையையும் தடுத்தது. 2019-ல் மத்திய அரசு விலக்கு அளித்தது. திறந்தவெளிச் சுரங்கங்களில் இரவுப் பணிக்கும், நிலத்தடியில் தொழில்நுட்ப, மேற்பார்வைப் பணிகளுக்கும் நிபந்தனைகளோடு பெண்கள் இப்போது போகலாம்.

சேர்வதற்கு முன் கேட்க வேண்டிய ஐந்து கேள்விகள்

1. சான்றிதழில் பட்டத்தின் பெயர் என்னவென்று அச்சாகும்? வாய்வார்த்தை வேண்டாம், எழுத்தில் காட்டச் சொல்லுங்கள்.

2. நான் குறிவைக்கும் தேர்வின் கடைசி அறிவிக்கையில் அந்தப் பெயர் இருக்கிறதா?

3. வருடத்துக்கு எத்தனை நாள் களப்பயிற்சி? செலவு யாருடையது?

4. நீர் நிலவியல், ஜிஐஎஸ் ஆகியவை பாடத்திட்டத்தில் இருக்கின்றனவா?

5. சட்டம், கொள்கை பற்றி ஒரு தாளாவது உண்டா? இல்லையென்றால் பயப்பட வேண்டாம். 2006 அறிவிக்கையும் உங்கள் மாவட்டத்தின் ஏதாவது ஒரு தாக்க அறிக்கையும் இணையத்தில் கிடைக்கும். முதல் வருடத்திலேயே ஒன்றை உட்கார்ந்து படித்துப் பாருங்கள்.

எல்லாம் சொல்லி முடித்து, சித்தப்பாவிடம் ஒரே ஒரு விஷயம் கேட்டேன். "நம்ம வயக்காட்டுப் பக்கம் நாளைக்கு ஏதாவது திட்டம் வருதுன்னு கூட்டம் போட்டா, அந்த ரிப்போர்ட்டை யார் சித்தப்பா படிப்பா?"

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "அந்த அஞ்சு கேள்வியையும் ஒரு பேப்பர்ல எழுதி அனுப்பு. காலேஜுக்கு நானே கூடப் போய்க் கேக்குறேன்" என்றார்.